சிம்லாவுக்கு முன்னால் எழும்பூர்

கேள்வி: திருநெல்வேலி மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் வரலாறு கற்பிக்கிறேன். 19ஆம் நூற்றாண்டுத் தாமிரபரணிப் பாசனம் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்று 6 ஆண்டுகள் ஆகின்றன. சிம்லா இந்திய உயராய்வு நிறுவனத்தில் ஓராண்டு தங்கி ஆய்வு செய்ய விண்ணப்பிக்கப் போகிறேன். முதல் 6 மாதம் தரவு சேகரிப்பு, அடுத்த 6 மாதம் எழுத்து என்பது என் திட்டம். இது தேறுமா? விடுப்புக்கு என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: இப்படியே அனுப்பினால் தேறுவது கடினம். இடிப்பது அந்த ‘முதல் 6 மாதம்’தான். உங்களுக்கு வேண்டிய, ஆங்கிலேயர் காலத்து வருவாய் வாரியத்தின் நடவடிக்கைக் குறிப்புகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பழைய தமிழ் அச்சு நூல்கள் வேண்டுமென்றால் தரமணி ரோஜா முத்தையா நூலகம். சிம்லா மலையில் உட்கார்ந்துகொண்டு எதைச் சேகரிப்பீர்கள்? தேர்வுக் குழுவும் இதைத்தான் கேட்கும். உறைவிட ஆய்வுதவி, அதாவது அங்கேயே தங்கி ஆய்வு செய்யத் தரும் உதவி, பெரும்பாலும் எழுதுவதற்கானது. வகுப்பு, விடைத்தாள், துறைக் கூட்டம் எதுவுமில்லாமல் மேசையும் நேரமும் தருவார்கள். முடிவில் நூலுக்கான கையெழுத்துப்படியைக் கேட்பார்கள். ஆகவே இந்தக் கோடையிலும் அரையாண்டு விடுமுறையிலும் எழும்பூர் வேலையை முடித்துவிடுங்கள். ‘இத்தனை தொகுதிகள் பார்த்தாயிற்று, இன்னின்ன மிச்சம்’ என்று திட்டத்தில் எழுத முடிந்தால் பாதி வேலை முடிந்ததுபோல.

அடுத்தது, முனைவர் பட்ட ஆய்வேட்டையே நூலாக்குவது. பட்டத்துக்கான ஆய்வை முடித்துக்கொள்ள இந்த உதவி கிடையாது; முடிந்த ஆய்வேட்டைச் செப்பனிடுவதற்கும் பெரும்பாலான குழுக்கள் ஆர்வம் காட்டுவதில்லை. ஆய்வேட்டில் விடை கிடைக்காமல் நின்ற ஒரு கேள்வியை எடுங்கள். மடைத் தகராறுகளில் வழக்குமன்றம் யார் சொல்லை நம்பியது என்பது போல ஒன்று. ‘தாமிரபரணிப் பாசனம்: ஓர் ஆய்வு’ என்ற தலைப்பு மட்டும் வேண்டவே வேண்டாம்.

கால அட்டவணையில் கணக்கு இருக்கட்டும். தலா 12,000 சொற்களில் 5 இயல்கள் என்றால் 60,000 சொற்கள். எழுத்துக்கு 40 வாரம் வைத்தால் வாரத்துக்கு 1,500. பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் அங்கே வாராந்தரக் கருத்தரங்கு உண்டு. உங்கள் முறை வரும்போது ஓர் இயலாவது கையில் இருக்க வேண்டும். அதனால் முதல் இயலின் வரைவோடு போய்ச் சேருங்கள். குளிர்காலத்தையும் கணக்கில் சேருங்கள்: 2,100 மீட்டருக்கு மேல் உள்ள ஊர், டிசம்பர் கடைசியிலிருந்து வேலை வேகம் குறையும். (சன்னலைத் திறந்து போட்டுவிட்டு வெளியே போகாதீர்கள். சிம்லாக் குரங்குகளுக்கு ஆய்வுக் குறிப்பென்றும் பிஸ்கட் பொட்டலமென்றும் பேதமில்லை.)

பரிந்துரைக் கடிதத்துக்குக் கடைசி நாளுக்கு 6 வாரம் முன்பே கேளுங்கள்; திட்டத்தின் நகலையும் கூடவே கொடுங்கள். அது இல்லாவிட்டால் ‘நல்ல ஆசிரியர், ஒழுக்கமானவர்’ என்றுதான் கடிதம் வரும். அதனால் ஒரு பயனும் இல்லை.

விடுப்புதான் பலரும் சறுக்கும் இடம். தேர்வான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டு, கோப்பு நகராமல் வாய்ப்பை இழக்கிறார்கள். பணியில் இருப்பவர் முறையான வழியில், அதாவது கல்லூரி நிர்வாகத்தின் மூலமாக, விண்ணப்பிக்க வேண்டும். உதவி பெறும் கல்லூரி என்பதால் கல்லூரிச் செயலர் கையெழுத்தோடு முடியாது, கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகம் வரை போகும். விண்ணப்பிக்கும்போதே தடையின்மைச் சான்றுக்கு எழுதிக் கொடுங்கள். அந்தக் காலம் ஊதிய உயர்வுக்கும் ஓய்வூதியத்துக்கும் சேருமா, உங்கள் வகுப்புகளை யார் எடுப்பார், சம்பளம் தொடருமா, ஆய்வுதவித் தொகை மட்டும்தானா - நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்மொழி உறுதி, செயலர் மாறினால் போச்சு.

ஓராண்டு விடுப்பு நடக்காது என்று தெரிந்தால், அதே நிறுவனத்தில் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கென்றே இணை ஆய்வாளர் திட்டம் இருக்கிறது: ஆண்டுக்கு ஒரு மாதம் வீதம் 3 ஆண்டுகள். மே மாத விடுமுறையில் இடம் கேட்டுப் பாருங்கள்; கிடைத்தால் விடுப்புக் கோப்பே தேவைப்படாமல் போகலாம்.