கேப் கட்டிய பேய்கள்: காமிக்ஸ் கேள்வி பதில்

அமெரிக்க சூப்பர்ஹீரோ இதழ்களுக்குள் ஹாரர் நன்றாகவே குடியேறிவிட்டது. அதைப் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் இவை. பெரிய திருப்பங்கள் எதையும் இங்கே போட்டு உடைக்கவில்லை.

கே: பேட்மேன் இதுவரை ஒரு இதழ்கூடப் படித்ததில்லை. 1939லிருந்து ஓடுகிற கதையை எந்த இடத்தில் பிடிப்பது? எல்லாரும் ‘அப்சலூட் பேட்மேன்’ என்கிறார்களே? (பிரவீன், திருப்பூர்)

அங்கேயே பிடிக்கலாம். டிசி பதிப்பகம் 2024 அக்டோபரில் தொடங்கிய தனி உலகம் அது, பழைய கணக்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். எழுத்து ஸ்காட் ஸ்னைடர், ஓவியம் நிக் டிராகோட்டா. பேட்மேனாக மாறும் ப்ரூஸ் வெய்னிடம் இங்கே பணமும் இல்லை, மாளிகையும் இல்லை. அப்பா பள்ளி ஆசிரியர். அவர் இறப்பது வழக்கமான இருட்டுச் சந்தில் அல்ல, மிருகக்காட்சி சாலையில் நடக்கும் துப்பாக்கிச் சூட்டில். அம்மா உயிரோடு இருக்கிறார். ப்ரூஸ் படித்தது இன்ஜினியரிங். பழைய கதைகளில் வீட்டு பட்லராக இருந்த ஆல்ஃபிரட், இங்கே ப்ரூஸை வேவு பார்க்க வந்த உளவாளி. மார்பில் இருக்கும் வௌவால் சின்னம் கழன்று வந்தால் கோடாரி.

முதல் 6 இதழ்கள் ஒரே கதை. ‘தி ஜூ’ என்ற தொகுப்பாகவும் கிடைக்கிறது. 4ஆம் இதழில் பலரும் தடுக்கி விழுகிறார்கள். அது கேப்ரியல் ஹெர்னாண்டஸ் வால்டா வரைந்தது, கோடும் நிதானமும் வேறு. ஒரு மாத இடைவெளியில் படித்தவர்களுக்குக் கதை நின்றுபோன மாதிரி இருந்தது. தொகுப்பில் ஒரே மூச்சில் படித்தால் 3ஆம் இதழின் அமளிக்குப் பிறகு அந்த நிதானம் சரியான இடத்தில்தான் வருகிறது.

கே: அண்ணா, அதே தொடரில் பேன் (Bane) என்ற வில்லன் வருகிற பகுதி வயிற்றைப் புரட்டுகிறது. இதை சூப்பர்ஹீரோ கதை என்றே சொல்ல முடியவில்லையே? (சிபி)

ஹாரர்தான், சந்தேகமே வேண்டாம். மாத இதழ் ஹீரோ ஒருவரை வைத்துப் பயமுறுத்துவது கஷ்டம். அடுத்த மாதமும் அவர் கடைக்கு வந்தாக வேண்டும், அது படிக்கிறவருக்கும் தெரியும். அதனால் கெட்டிக்கார எழுத்தாளர்கள் ஹீரோவின் உயிரைப் பணயம் வைப்பதில்லை. அவரைச் சுற்றி இருப்பவர்களிடமிருந்தோ, அவர் உடம்பிலிருந்தோ எதையாவது பிடுங்குவார்கள்.

ஸ்னைடர் செய்திருப்பது முதல் வகை. இங்கே ப்ரூஸின் பால்ய நண்பர்கள் வேலன் ஜோன்ஸ், ஹார்வி டென்ட், ஆஸ்வால்ட், எட்வர்ட். பழைய உலகில் இவர்கள் கில்லர் க்ராக், டூ-ஃபேஸ், பெங்குவின், ரிட்லர் என்ற வில்லன்கள். இங்கே சேர்ந்து சீட்டாடுகிற பையன்கள். நண்பர்கள் சிரித்துப் பேசும் பக்கத்தில்கூட நமக்கு வயிற்றில் ஏதோ செய்கிறது. கூத்தில் அரவான் களப்பலிக்குப் புறப்படும்போது முடிவு தெரியாதவர் யாரும் இல்லை. தெரிந்திருப்பதால்தான் தொண்டை அடைக்கிறது.

குறையும் உண்டு. பேன் பக்கத்துக்குப் பக்கம் பெரிதாக வளர வளர பயம் சிறுத்துப்போகிறது. கட்டிடம் உயரத்துக்கு ஒருவன் வந்து நின்றால் அது சண்டைக் காட்சி. அதற்கு முந்தைய 7, 8 இதழ்களில் மார்கோஸ் மார்ட்டின் வரைந்த மிஸ்டர் ஃப்ரீஸ் கதையில் சத்தமே குறைவு, குளிர் அதிகம்.

கே: படத்தில் திடீர்ச் சத்தம் போட்டுப் பயமுறுத்தலாம். அசையாத, சத்தமில்லாத காகிதத்தில் எப்படி முடிகிறது? (நித்யா, கோவை)

காகிதம் புரட்டுவதில்தான். ஒரு காமிக்ஸை விரித்து வைத்துப் பாருங்கள். இடப்பக்கம் இரட்டை எண், வலப்பக்கம் ஒற்றை எண். விரித்ததும் கண் இரண்டு பக்கத்தையும் ஒருசேர மேய்ந்துவிடும். எனவே பேயை வலப்பக்கத்தில் வைத்தால், இடப்பக்கத்து முதல் கட்டத்தைப் படிக்கும்போதே ஓரக்கண்ணில் பட்டுவிடும். கதவு திறக்கப்போகிற கட்டத்தை வலப்பக்கத்தின் கடைசி மூலையில் வைத்து, கதவுக்குப் பின்னால் இருப்பதை அடுத்த தாளின் இடப்பக்கத்தில் வைக்க வேண்டும். 7இல் கைப்பிடி, 8இல் பேய். நடுவில் வாசகரின் விரல். பயந்துகொண்டே புரட்டுவது அவரேதான்.

ஜப்பானிய காமிக்ஸான மாங்காவில் இது தலைகீழ். வலமிருந்து இடமாகப் புரட்டுவதால் தாள் திரும்பியதும் முதலில் கண்ணில் படுவது வலப்பக்கம். ஹாரர் மாங்கா ஓவியர் ஜுன்ஜி இட்டோவின் கதைகளில் அந்த முழுப்பக்க முகங்கள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். இடமிருந்து வலமாகத் திருப்பி அச்சடித்த பழைய பதிப்புகளில் ஓவியமே கண்ணாடிப் பிம்பமாகி எல்லாரும் இடக்கைக்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

இது கெடுவது மூன்று இடங்களில். முதலாவது, மாத இதழின் நடுவில் வரும் விளம்பரம். ஒரு பக்க விளம்பரம் இடம் மாறினால் 8ஆம் பக்கம் வலப்புறம் போய்விடும், அதிர்ச்சி செத்துவிடும். இரண்டாவது, தொகுப்பு நூல். விளம்பரத்தை எடுத்ததும் கணக்கு மாறும். நல்ல பதிப்பாசிரியர் அத்தியாயங்களுக்கு இடையில் ஒரு அட்டைப்படத்தையோ வெறும் பக்கத்தையோ நுழைத்துச் சரிசெய்வார். ‘இங்கே ஏன் கறுப்புத் தாள்?’ என்று யோசித்திருந்தால் இதுதான் பதில். மூன்றாவது, மொபைலில் கட்டம் கட்டமாகக் காட்டும் ‘கைடட் வியூ’. ஹாரர் படிக்கும்போது அதை அணைத்துவிடுங்கள். டேப்லெட்டை நிமிர்த்தி, ஒரு நேரத்தில் ஒரு முழுப்பக்கம். இரண்டு பக்கம் சேர்ந்த பெரிய ஓவியம் வந்தால் மட்டும் படுக்கவையுங்கள்.

கே: ‘இம்மார்ட்டல் ஹல்க்’ எத்தனை புத்தகம்? ஹல்க்கைக் கண்டு நான் ஏன் பயப்பட வேண்டும்? (ரியாஸ்)

2018 முதல் 2021 வரை 50 இதழ்கள். எழுத்து அல் ஈவிங், பெரும்பாலான ஓவியம் ஜோ பென்னட். 5 இதழுக்கு ஒன்றாக 10 மெல்லிய தொகுப்புகள்.

முன்பு சொன்ன சிக்கலை ஈவிங் உடம்பின் பக்கமிருந்து தீர்க்கிறார். ஹீரோ சாக மாட்டார் என்பதுதானே பிரச்சினை? சரி, சாகட்டும், திரும்ப எழட்டும், அதையே பயமாக ஆக்கு. ஹல்க்காக மாறும் மனிதர் பேனர். பகலில் பேனரைச் சுட்டால் பேனர் பிணம். இருட்டியதும் பிணவறையிலிருந்து எழுவது ஹல்க். முதல் இதழ் ஒரு பெட்ரோல் பங்க் கொள்ளையில் தொடங்குகிறது. 8ஆம் இதழில் ஹல்க்கைத் துண்டு துண்டாக்கி ஜாடிகளில் போட்டு வைத்திருக்கிறார்கள். சாக முடியாத உடம்பு ஜாடிக்குள் என்ன செய்யும்? சாப்பிட்டுவிட்டு அந்த இதழைத் திறக்காதீர்கள்.

25ஆம் இதழ் எங்கோ தூர எதிர்காலத்தில், தெரிந்த முகமே இல்லாமல் நடக்கும். தவறான புத்தகம் வாங்கிவிட்டோமோ என்று மூடிவிட வேண்டாம். முழு விலை கொடுக்கும் முன் முதல் தொகுப்பை மட்டும் வாங்கிப் பாருங்கள். அதிலேயே பிடிக்கவில்லை என்றால் அடுத்த 45 இதழ்கள் மனசை மாற்றாது.

கே: ஹாரர் காமிக்ஸைத் தடை செய்திருந்தார்களாமே, உண்மையா? ‘ஈசி காமிக்ஸ்’ திரும்ப வந்திருப்பதும் அந்தக் கதையோடு சேர்ந்ததா? (முனைவர் பட்ட மாணவி)

அரசு தடை இல்லை, பதிப்பாளர்களே போட்டுக்கொண்ட விலங்கு. 1954இல் ஃப்ரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர் காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று புத்தகம் எழுதினார், அமெரிக்க செனட் துணைக்குழு விசாரித்தது. பயந்துபோன பதிப்பாளர்கள் ‘காமிக்ஸ் கோட்’ என்ற விதித்தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். தலைப்பில் ‘ஹாரர்’, ‘டெரர்’ என்ற சொற்கள் கூடாது. இரத்தக் காட்டேரி, ஓநாய் மனிதன், நடக்கும் பிணம் எதுவும் கூடாது. விதிக்கு உட்பட்ட இதழின் அட்டையில் ஒரு முத்திரை இருக்கும், அது இல்லாத இதழை விற்பனையாளர்கள் எடுக்க மறுத்தார்கள். ஹாரருக்குப் பெயர்போன ஈசி பதிப்பகத்தின் ஹாரர் இதழ்கள் அதோடு முடிந்தன.

1971இல் விதி தளர்ந்தது. பழைய இலக்கியத்தில் இருக்கிறது என்பதால் டிராகுலாவுக்கும் ஓநாய் மனிதனுக்கும் அனுமதி. நடக்கும் பிணமான சோம்பிக்கு (zombie) மட்டும் இல்லை. மார்வெல் என்ன செய்தது தெரியுமா? அதே பிணத்தை ‘சூவெம்பி’ என்று பெயர் மாற்றி நடக்கவிட்டது! 1984இல் ஆலன் மூர் எழுதிய ‘ஸ்வாம்ப் திங்’ 29ஆம் இதழுக்கு முத்திரை மறுக்கப்பட, டிசி முத்திரை இல்லாமலேயே வெளியிட்டது. 2011இல் கோட் ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்தது.

இப்போது ஈசி பெயரில் வெளியிடுவது ஓனி பிரஸ். 2024 ஜூலையில் ‘எபிடாஃப்ஸ் ஃப்ரம் தி அபிஸ்’, அடுத்த மாதம் ‘க்ரூயல் யூனிவர்ஸ்’. ஒவ்வொரு இதழிலும் சில சிறுகதைகள். கடைசிக் கட்டத்தில் திருப்பம் வரும் என்பது முன்பே தெரிவதால் பாதிக் கதைகளை 3ஆம் பக்கத்திலேயே ஊகித்துவிடலாம். ஓவியத்துக்காகப் புரட்டலாம், எல்லா இதழையும் சேர்க்க வேண்டியதில்லை.

கே: ‘சம்திங் இஸ் கில்லிங் தி சில்ட்ரன்’ எந்த வரிசையில் படிக்க வேண்டும்? கிளைத்தொடரும் இருக்கிறதே? (ஹரிணி, சிங்கப்பூர்)

2019இல் 5 இதழ்க் குறுந்தொடராகத் திட்டமிட்டது, விற்பனையைப் பார்த்து நீண்டுவிட்டது. ஜேம்ஸ் டைனியன் எழுத்து, வெர்தர் டெல்எடெரா ஓவியம். 1 முதல் 15 வரை ஆர்ச்சர்ஸ் பீக் என்ற ஊரில் நடக்கும் ஒரே கதை, முதல் மூன்று தொகுப்புகள். 16 முதல் 20 வரை நாயகி எரிகாவின் சிறுவயது. சிலர் காலவரிசை என்று சொல்லி இந்த ஐந்தை முதலில் படிக்கச் சொல்கிறார்கள். செய்யாதீர்கள். அவள் யார் என்று தெரியாமல், அந்த ஆக்டோபஸ் பொம்மையோடு ஏன் பேசுகிறாள் என்று புரியாமல் இருப்பதில்தான் முதல் தொகுப்பின் பாதி பயம் இருக்கிறது. கிளைத்தொடரான ‘ஹவுஸ் ஆஃப் ஸ்லாட்டர்’ 20ஆம் இதழுக்குப் பிறகு போதும். படிக்காவிட்டாலும் நஷ்டமில்லை.

கே: இரும்புக்கை மாயாவி சூப்பர்ஹீரோவா இல்லையா? வீட்டில் சண்டை. (செந்தில், விருதுநகர்)

தொடக்கத்தில் வில்லன்! 1962இல் பிரிட்டனின் ‘வாலியன்ட்’ இதழில் வந்த லூயி கிராண்டல் அவர், ஓவியம் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் காற்றில் மிதக்கும். நல்லவராக மாறி உளவு வேலைக்குப் போனது பிறகு. ஆள் இல்லாத அறையில் கை மட்டும் நகரும் அந்தக் கட்டங்களைப் பாருங்கள், அசல் பேய்ப்படம். வீட்டில் இரண்டு கட்சியும் ஜெயித்ததாக வைத்துக்கொள்ளலாம்.

கே: முதல் அச்சு என்று சொல்லி இரண்டாம் அச்சைத் தலையில் கட்டுகிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? (அருண்)

அட்டையின் பார்கோடுக்குப் பக்கத்தில் தனியாக 5 இலக்கம் இருக்கும். முதல் மூன்று இதழ் எண், நான்காவது அட்டை வகை, ஐந்தாவது அச்சு. 00111 என்றால் 1ஆம் இதழ், முதல் அட்டை, முதல் அச்சு. 00112 என்றால் இரண்டாம் அச்சு. 00121 என்றால் வேறு அட்டை, ஆனால் முதல் அச்சுதான். ஆன்லைனில் வாங்கும்போது முன்னட்டைப் படம் மட்டும் போதாது, இந்த எண் தெரியும் படத்தைக் கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் விட்டுவிடுங்கள். ‘1க்கு 25’ என்ற அட்டை, கடைக்காரர் 25 சாதாரணப் பிரதி எடுத்தால் ஒன்று வாங்கக் கிடைப்பது. உள்ளே கதை அதேதான்.

கே: சென்னைக் காற்றில் இதழ்கள் அலையலையாக வளைகின்றன, ஸ்டேப்பிள் பின் துருப்பிடிக்கிறது. சிலிக்கா ஜெல் போட்டும் பயனில்லை. (கீர்த்தனா)

அட்டைப்பெட்டியில் போட்டிருப்பீர்கள். காற்று புகும் பெட்டியில் சிலிக்கா ஜெல் ஊரின் ஈரத்தையெல்லாம் குடித்துச் சில நாளில் நிரம்பிவிடும், அதற்குப் பிறகு அது வெறும் மணல். ரப்பர் விளிம்பு வைத்த மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா வேண்டும். மழை நாளில் மூடாதீர்கள், உள்ளே ஈரத்தையும் சேர்த்துப் பூட்டுவதாகிவிடும். வறண்ட பிற்பகலில், ஃபேன் காற்றில் ஆறவிட்டு அடுக்குங்கள். நிறம் மாறும் ஜெல் 100 கிராம் துணிப்பையில் கட்டிப் போடுங்கள். 300 ரூபாய்க்குள் கிடைக்கும் சிறிய ஈரப்பத மீட்டர் ஒன்றை உள்ளே வைத்து, முள் 50 சதவீதத்தைத் தாண்டினால் ஜெல்லை மாற்றுங்கள்.

இன்றைய இதழுக்கு 6⅞ அங்குல அகல பாலிப்ரொப்பிலீன் கவர், உள்ளே அமிலமற்ற அட்டை, பளபளப்பான பக்கம் இதழைப் பார்த்து. 5 முதல் 7 ஆண்டுக்கு ஒருமுறை கவரை மாற்றுங்கள். ஸ்டேஷனரிக் கடையின் மெத்தென்ற பிவிசி கவர் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள எண்ணெய்ப்பதம் மையோடு ஒட்டி அட்டைப்படத்தையே உரித்துவிடும். ஏற்கெனவே துருப்பிடித்த பின்னைப் பிடுங்காதீர்கள். தாள் அந்த இடத்தில் நொறுங்கத் தயாராக இருக்கும், ஓட்டை பெரிதாகும். நடுத்தாளுக்கும் பின்னுக்கும் இடையில் அமிலமற்ற மெல்லிய தாள் கீற்று ஒன்று செருகினால் கறை அடுத்த பக்கத்துக்குப் பரவாது.