ஓசி வேலை என்று நினைக்காதீர்கள் அம்மா

அல்சூரிலிருந்து என்னைப் பார்க்க வந்த அம்மாவுக்கு வணக்கம்.

"பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறவன் ராத்திரி ஒரு மணி வரைக்கும் யாருக்கோ ஓசியில் கோடிங் செய்கிறான்" என்று உங்கள் மகனைப் பற்றிச் சொன்னீர்கள். பெங்களூரு வாடகையையும் கல்லூரிக் கட்டணத்தையும் சேர்த்துக் கட்டுகிற வீட்டில் அந்தக் கவலை வரத்தான் செய்யும்.

தம்பி பார்ப்பது சிம்பை என்ற, பைத்தான் மொழியில் எழுதிய மென்பொருள். சமன்பாடுகளை எண்ணாக மாற்றாமல், நாம் தாளில் போடுவதுபோல x, y என்றே வைத்துப் போட்டுத் தரும். இயக்கவியல், ஒளியியல், குவாண்டம் எல்லாவற்றுக்கும் அதில் தனிப் பகுதிகள் உண்டு. யாரும் திருத்தம் அனுப்பலாம். ஆனால் பொறுப்பாளர்கள் வரி வரியாகப் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் சேரும்.

அவன் எனக்குக் காட்டினான். ஒளிவிலகல் கோணத்துக்கு நாலு வரி விளக்கம் எழுதி அனுப்பியிருக்கிறான். "கோணம் டிகிரியா, ரேடியனா?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். அன்றைக்கு, ஒளி எவ்வளவு விலகும் என்று சொல்லும் ஸ்நெல் விதியை மறுபடி உட்கார்ந்து படித்திருக்கிறான். பரீட்சைக்குப் படித்தபோது அவனுக்கு அந்தக் கேள்வியே வரவில்லை. இப்படிக் கேட்க ஆள் கிடைப்பது லேசில்லை அம்மா.

தம்பிக்கு ஒரு வார்த்தை. இந்த செமஸ்டரில் நடத்திய பாடத்தையொட்டிய பகுதியையே எடு. எதையும் மாற்றும் முன் மூல நிரலை இறக்கி, அது சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் டெஸ்ட்டுகளை ஓட்டிப் பார். திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லி அனுப்பும் ஒரு புல் ரிக்வெஸ்ட்டில் ஒரே திருத்தம் போதும். ஏஐ எழுதித் தந்ததில் உனக்கே விளக்கத் தெரியாத வரி இருந்தால் அனுப்பாதே. பார்ப்பவர்களில் பலர் தங்கள் சொந்த நேரத்தைக் கொடுக்கிறவர்கள். பதில் தாமதமானாலும் பொறு. துகள்கள் பொருளுக்குள் எப்படிப் பாய்கின்றன என்று கணக்கிடும் ஜியான்ட்4 என்ற மென்பொருள் மேல் உனக்கு ஆசை இருப்பது தெரியும். புற்றுநோய்க் கதிர்வீச்சு ஆராய்ச்சி வரைக்கும் அது பயன்படுகிறது. ஆனால் அது சி++ என்ற வேறு மொழியில் எழுதியது. பைத்தானில் கை பழகட்டும், அப்புறம் போகலாம்.

சரி, காசு? இப்படிப்பட்ட மென்பொருள்களுக்கு நிரல் எழுத, 2005 முதல் கூகுள் நடத்தும் சம்மர் ஆஃப் கோட் என்ற திட்டத்தில் தேர்வானால் உதவித்தொகை உண்டு. சிம்பை வழியாக அதற்கு விண்ணப்பிக்க, முன்பே ஒரு திருத்தமாவது ஏற்கப்பட்டிருக்க வேண்டும். வேலை உறுதி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்திய அறிவியல் கழகமான ஐஐஎஸ்சியிலோ ராமன் ஆராய்ச்சி நிறுவனத்திலோ கோடைகால புராஜெக்ட் கேட்டு எழுதும்போது, மதிப்பெண் பட்டியலோடு காட்ட அவனிடம் ஒன்று இருக்கும்.

பதினொரு மணிக்கு லேப்டாப்பை மூடச் சொல்லுங்கள். பரீட்சை மாதத்தில் தொடவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காபி குடிக்கும்போது, "இந்த வாரம் உன்னிடம் என்ன கேட்டார்கள்?" என்று மட்டும் விசாரியுங்கள்.