வாசலில் விழுந்த நோட்டீசும் யூத வெறுப்புப் புகாரும்: லண்டனுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, ஹெண்டனில் வீடு எடுத்த கையோடு மே மாத கவுன்சில் தேர்தல் வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். கதவிடுக்கில் விழுந்த நோட்டீசில் ஒரு கட்சி இன்னொன்றை “யூத வெறுப்புக்கு இடம் கொடுத்தவர்கள்” என்கிறது. ஆபீசில் சாப்பிடும்போது யாரோ லேபர் (தொழிலாளர்) கட்சியின் முன்னாள் தலைவர் கோர்பின் பெயரை எடுத்ததும் பேச்சே நின்றுவிட்டது. “அக்கா, இது நிஜமா, ஓட்டுக்காகக் கிளப்புவதா? நான் இதில் வாய் திறக்கலாமா? எனக்கு ஓட்டு உண்டா?” என்று கேட்கிறீர்கள்.

நிஜமும்தான், ஓட்டுக்காகக் கிளப்புவதும்தான். இரண்டில் ஒன்றைச் சொல்லு என்று ஆளாளுக்கு நெருக்குவார்கள், மசியாதீர்கள். நான் வேலை பார்ப்பது ஒரு அலுவலகத்தின் புகார்ப் பிரிவில். அதனாலோ என்னவோ, இந்த விவகாரத்தில் எனக்கு எப்போதும் ஒரே கேள்விதான்: புகார் வந்தது, சரி, அந்த ஃபைல் அப்புறம் என்ன ஆச்சு?

கதை 2015 செப்டம்பரில் தொடங்குகிறது. ஜெரமி கோர்பின் லேபர் கட்சித் தலைவர் ஆனார். இஸ்லிங்டன் நார்த்துக்கு 1983 முதல் எம்.பி., பாலஸ்தீனர்களுக்காகப் பல காலமாகக் குரல் கொடுத்தவர். அவரை நம்பிக் கட்சிக்குள் கூட்டம் கூட்டமாக ஆட்கள் சேர்ந்தார்கள். 2016 ஏப்ரலில், நாஸ் ஷா என்ற எம்.பி. முன்பு ஃபேஸ்புக்கில் போட்டிருந்த, யூத வெறுப்பு என்று கண்டிக்கப்பட்ட பதிவுகள் வெளியே வந்தன. அவரைக் காப்பாற்றப் பேசப்போன முன்னாள் லண்டன் மேயர் கென் லிவிங்ஸ்டன், ஹிட்லர் ஒரு கட்டத்தில் சியோனிசத்தை (யூதர்களுக்குத் தனிநாடு வேண்டும் என்ற இயக்கத்தை) ஆதரித்தார் என்று வானொலியில் சொல்லி இன்னும் சிக்கலாக்கினார். இருவரையும் கட்சி இடைநீக்கம் செய்தது. நாஸ் ஷா நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டார், அவர் விஷயம் அதோடு அடங்கியது. லிவிங்ஸ்டன் விஷயம் இழுத்துக்கொண்டே போய், 2018-இல் அவரே கட்சியை விட்டு விலகினார்.

அந்த வருடம் மார்ச்சில் வந்தது சுவரோவியச் சண்டை. கிழக்கு லண்டனில் 2012-இல் ஒரு சுவரில் வரைந்திருந்த படம் அது. வயதான பணக்காரர்கள் சிலர் ஒரு விளையாட்டுப் பலகையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், பலகையைத் தாங்குவது குனிந்து கிடக்கும் மனிதர்களின் முதுகு. முதலாளித்துவத்தைக் கண்டிக்கும் படம் என்று நமக்குத் தோன்றும். ஆனால் அந்த முகங்களின் மூக்கையும் தாடியையும் பார்த்த யூதர்களுக்கு 1930-களின் நாஜிப் பத்திரிகைக் கேலிச்சித்திரம் ஞாபகம் வந்தது. அதை அழிக்கப்போகிறார்கள் என்று ஓவியர் ஃபேஸ்புக்கில் புலம்பியபோது, ஏன் அழிக்க வேண்டும் என்று கோர்பின் கீழே எழுதியிருந்தார். அதை லூசியானா பெர்கர் என்ற யூத எம்.பி. 2018-இல் வெளியே கொண்டுவந்தார். படத்தைச் சரியாகக் கவனிக்கவில்லை என்றார் கோர்பின். நாடாளுமன்றச் சதுக்கத்தில் யூதர்கள் கூடி, போதும் போதும் என்று கோஷம் போட்டார்கள். பெர்கர் 2019 பிப்ரவரியில் கட்சியையே விட்டுப் போனார்.

யூதர்கள் லேபருக்கு அந்நியர்கள் இல்லை, அதனால்தான் வலி அதிகம். 1936-இல் கேபிள் தெருவில் பாசிசக் கருஞ்சட்டைகளை மறித்தபோது கிழக்கு லண்டன் யூதர்களும் தொழிற்சங்கக்காரர்களும் ஒரே பக்கம் நின்றார்கள். ஜூயிஷ் லேபர் மூவ்மென்ட் என்ற அமைப்பு 1920 முதல் அந்தக் கட்சியோடு இணைந்தது. தங்கள் கட்சி மீதே சமத்துவ மனித உரிமை ஆணையத்திடம் புகார் கொண்டுபோனவர்களில் அவர்களும் உண்டு.

ஆணையத்தின் அறிக்கை 2020 அக்டோபர் 29 அன்று வந்தது. என் தொழிலுக்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. மாதிரிக்கு எடுத்துப் பார்த்த 70 புகார் ஃபைல்களில், தலைவர் அலுவலகமும் பிறரும் தலையிட்ட 23 சம்பவங்கள். யூத வெறுப்புப் புகார்களை விசாரிப்பவர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை. புகார் அனுப்பச் சொன்ன மின்னஞ்சல் பெட்டியைப் பல வருடங்களாகப் பெரும்பாலும் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. 2010 சமத்துவச் சட்டத்தைக் கட்சி மீறியது என்பது முடிவு. தலைவர் மனதில் வெறுப்பு இருந்ததா என்று டிவியில் மணிக்கணக்கில் வாதாடினார்களே, அதற்கு யாராலும் சாட்சி கொண்டுவர முடியாது. திறக்காத மெயில் பெட்டிக்குச் சாட்சி இருக்கிறது. அறிக்கை வந்த அன்றே கோர்பின், பிரச்சினையின் அளவை அரசியல் காரணங்களுக்காக மிகவும் பெரிதாக்கிக் காட்டினார்கள் என்று சொல்ல, கட்சி அவரையே இடைநீக்கம் செய்தது. மூன்று வாரத்துக்குள் உறுப்பினராகத் திரும்ப எடுத்தார்கள், ஆனால் கட்சி எம்.பி.யாக ஏற்கவில்லை. 2024-இல் சுயேச்சையாக நின்று அதே தொகுதியில் ஜெயித்தார்.

சரி, அரசியல் பக்கத்துக்கு வருவோம். 2019 டிசம்பர் தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு, தலைமை ரபி (யூத மதகுரு) எஃப்ராயிம் மிர்விஸ் டைம்ஸ் பத்திரிகையில் லேபர் தலைமையைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். அன்று இரவே டிவியில் ஆண்ட்ரூ நீல் என்ற பத்திரிகையாளர் கோர்பினை எடுத்த பேட்டி. யூத சமூகத்திடம் மன்னிப்புக் கேட்கிறீர்களா என்று நீல் திரும்பத் திரும்பக் கேட்டார், கோர்பின் சுற்றிச் சுற்றிப் பேசினார். ஒரு வாரம் கழித்து வேறொரு காலை டிவி நிகழ்ச்சியில் மன்னிப்புக் கேட்டேவிட்டார். அதை முதல் நாளே செய்திருக்கலாம் என்று அவரைப் பிடித்தவர்களே தலையில் அடித்துக்கொண்டார்கள். மறுபக்கம், கன்சர்வேடிவ் கட்சிக்குள் முஸ்லிம் வெறுப்பு இருக்கிறது என்று பிரிட்டன் முஸ்லிம் கவுன்சில் அதே நேரத்தில் சொன்னது பாதி இரைச்சலில் அமுங்கிப்போனது. புர்கா போட்ட பெண்களைத் தபால் பெட்டியோடு ஒப்பிட்டு எழுதிய கன்சர்வேடிவ் தலைவர் போரிஸ் ஜான்சன் அந்தத் தேர்தலில் 365 இடம் வாங்கினார். லேபருக்கு 202.

யூத வெறுப்புப் புகார்தான் லேபரைத் தோற்கடித்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லேபரின் பழைய கோட்டைகளான செட்ஜ்ஃபீல்டிலும் போல்சோவரிலும் அவர்கள் தோற்றது பெரும்பாலும் பிரெக்சிட்டால், கோர்பின் மீதிருந்த அவநம்பிக்கையால். ஆனால் நம் பக்கத்துத் தொகுதியான ஃபின்ச்லி கோல்டர்ஸ் கிரீனில் கணக்கு வேறு. 2017-இல் நூலிழையில் தோற்ற லேபர் அங்கே 2019-இல் மூன்றாம் இடத்துக்குப் போனது. கோர்பினுக்குப் பிறகு ஸ்டார்மர் தலைவராக வந்து கட்சி விதிகளை மாற்றிய பிறகு, 2022-இல் உங்கள் ஹெண்டன் அடங்கிய பார்னெட் கவுன்சிலையே முதல் தடவையாகப் பிடித்தது. உங்கள் வீட்டு நோட்டீசில் இந்தப் பேச்சு இன்னும் ஏன் ஓடுகிறது என்று இப்போது புரியும்.

கட்சிக்குள்ளேயே இரண்டு கோஷ்டிகளும் இந்த விஷயத்தை ஒருவரையொருவர் அடிக்கும் தடியாக எடுத்துக்கொண்டார்கள் என்று மார்ட்டின் ஃபோர்ட் என்ற வழக்கறிஞரின் அறிக்கை 2022-இல் சொன்னது. தடியாக எடுத்தார்கள் என்பதால் அடிபட்டவரின் காயம் பொய்யாகிவிடாது.

தமிழர்களுக்கும் இதில் ஒரு தர்மசங்கடம் உண்டு. ஈழப் பிரச்சினையில் பேசிவந்தவர்களில் கோர்பினும் ஒருவர். மிச்சம் மோர்டன் எம்.பி. ஷிவோன் மெக்டோனாவும் ஒருவர். யூத வெறுப்பு விவகாரத்தில் மெக்டோனா கோர்பினை வெளிப்படையாக எதிர்த்தவர். இருவர் படத்தையும் ஒரே சுவரில் மாட்டியிருந்த நண்பர்கள் பட்ட பாடு தனிக்கதை. இந்தியர்களின் வாட்ஸாப் குழுக்களிலோ 2019-இல் ஓடியது காஷ்மீர். காஷ்மீரில் சர்வதேசத் தலையீடு கேட்ட லேபர் மாநாட்டுத் தீர்மானத்தைக் காட்டி, இந்துக்கள் யாரும் அந்தக் கட்சிக்குப் போடாதீர்கள் என்று ஃபார்வேர்டு மேல் ஃபார்வேர்டு. ஒரு சமூகத்தின் பயத்தை ஓட்டாக்கும் வேலை எப்படி நடக்கும் என்பதை நம் ஃபோனிலேயே பார்த்துவிட்டோம்.

அடுத்து, நீங்கள் என்ன பேசலாம். இஸ்ரேல் அரசைத் தாராளமாகக் கண்டிக்கலாம். லேபர் கட்சி 2018-இல் பெரிய அடிதடிக்குப் பிறகு ஏற்றுக்கொண்ட, யூத வெறுப்பு என்றால் என்ன என்பதற்கான சர்வதேச வரையறையே, வேறு எந்த நாட்டையும் விமர்சிப்பது போல இஸ்ரேலை விமர்சிப்பது யூத வெறுப்பு ஆகாது என்கிறது. ஆனால் காஸாவில் நடப்பதற்கு உங்கள் ஆபீஸ் யூத நண்பரைப் பதில் சொல்லச் சொல்லாதீர்கள். அவர் ஃபின்ச்லிக்காரர், நெதன்யாகுவின் பிரதிநிதி இல்லை. நம் ஊரில் பாராட்டாகச் சொல்வோமே, “யூதன் மூளைக்காரன், உலகத்துப் பணமெல்லாம் அவன் கையில்” என்று, அதை இங்கே சொல்லிவிடாதீர்கள். அந்தச் சுவரோவியம் சொன்னதும் அதேதான். கண்டிப்பான மேனேஜரை ஹிட்லர் என்று கூப்பிடும் பழக்கத்தையும் விமானத்திலேயே விட்டுவிடுங்கள்.

ஆபீசில் ஏன் பேச்சு நின்றது என்று தெரிய வேண்டுமானால், காலையில் ஹெண்டனில் ஏதாவது யூதப் பள்ளி வழியாக நடந்துபாருங்கள். உயரமான வேலி, பூட்டிய கேட், வாக்கி டாக்கியோடு காவலர். அந்தக் காவலுக்கு அரசு தனியாக மானியம் தருகிறது. ஐந்து வயதுப் பிள்ளைகள் அவருக்கு டாட்டா காட்டிவிட்டு உள்ளே போவார்கள். 2025 அக்டோபரில், யூதர்களின் புனித நாளான யோம் கிப்பூர் அன்று, மான்செஸ்டரில் ஒரு வழிபாட்டுக் கூடத்தில் நடந்த தாக்குதலில் இருவர் இறந்தார்கள். கட்சிக்காரர்களுக்கு இது மேடைப் பேச்சு, உங்கள் பக்கத்து மேசைக்காரருக்குப் பிள்ளையை ஸ்கூலில் விடும் விஷயம்.

ஓட்டுக் கேட்டு யாராவது கதவைத் தட்டினால், எந்தக் கட்சியானாலும், உங்கள் வேட்பாளர் மேல் புகார் வந்தால் விசாரிப்பது யார், எத்தனை நாளில், என்று கேளுங்கள். 2024 ராச்டேல் இடைத்தேர்தலில் இஸ்ரேல் பற்றி லேபர் வேட்பாளர் பேசிய பேச்சுப் பதிவு வெளியானபோது, முதலில் அவரை விட்டுக்கொடுக்காத கட்சி, இன்னும் கொஞ்சம் வெளிவந்ததும் கைகழுவியது. வேட்புமனுத் தேதி தாண்டிவிட்டதால் ஓட்டுச்சீட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் லேபர் என்றே இருந்தது. ஆகவே தேர்தலுக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

கடைசிக் கேள்வி. இந்தியா காமன்வெல்த் நாடு என்பதால், செல்லுபடியாகும் விசாவோடு இங்கே குடியிருக்கும் உங்களுக்கு ஓட்டு உண்டு, கவுன்சில் தேர்தலிலும் பொதுத்தேர்தலிலும். குடியுரிமை வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஓட்டு நாளுக்கு 12 வேலை நாள் முன்பே ஆன்லைனில் பதிந்துவிடுங்கள். சாவடிக்குப் புகைப்பட அடையாளம் வேண்டும், உங்கள் இந்திய பாஸ்போர்ட்டே செல்லும்.