மதுரையிலிருந்து பதினைந்து பேர் ஒரு நாள் சைக்கிளில் கிராமப் பக்கம் போய்வர எந்த வழி நல்லது? எப்படித் திட்டமிடுவது?

கேள்வியில் இருக்கும் விவரம் இது: பதினைந்து பேர், பாதிப்பேர் சைக்கிளைத் தொட்டு வருஷக்கணக்காகிறது, சிலரிடம் கியர் சைக்கிள், ஒருவரிடம் அப்பா காலத்து அட்லஸ். பந்தயம் இல்லை, வயல், ஆறு, அரட்டைதான் நோக்கம்.

முதலில் நேரக் கணக்கைப் பார்த்துவிடுவோம். இப்படியொரு கலவையான கூட்டம் சமதளத்தில் மணிக்கு 13, 14 கிலோமீட்டர் போகும். 60 கிலோமீட்டர் என்றால் மிதிக்கும் நேரம் நாலரை மணிதான். அதை யாரும் சமாளித்துவிடுவார்கள். நாளை விழுங்குவது நிற்கிற நேரம். தனி ஆள் டீ குடித்துவிட்டுக் கிளம்ப ஐந்து நிமிஷம் போதும், பதினைந்து பேருக்கு அரை மணி ஓடிவிடும். ஒருத்தர் டீயே இன்னும் வரவில்லை என்பார், ஒருத்தர் ஜிபே போகவில்லை என்பார், இன்னொருத்தர் போட்டோ எடுக்க வாய்க்கால் பக்கம் இறங்கியிருப்பார். இப்படி நாலு இடத்தில் நின்றால் வெயில் உச்சிக்கு வந்துவிடும். அதனால் எங்கே, எத்தனை நிமிஷம் நிற்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வழி அதற்குப் பின்னால்தான்.

வழிக்கு என் சிபாரிசு வைகைக் கரையோரம்: காளவாசல், கோச்சடை, துவரிமான், கொடிமங்கலம், மேலக்கால், திருவேடகம், சோழவந்தான். அங்கிருந்து ஆற்றைக் கடந்து தென்கரை, முள்ளிப்பள்ளம், மன்னாடிமங்கலம் வழியாகக் குருவித்துறை. போக சுமார் 30, வர 30. ஏற்றம் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. ஆனால் போகும்போது ஆறு வரும் திசைக்கு எதிராகப் போகிறோம், கண்ணுக்குத் தெரியாத மேடு இருக்கும். சம்பந்தர் விட்ட ஏடு வைகையை எதிர்த்துப் போய்க் கரையேறிய ஊர்தான் திருவேடகம், அந்த ஏட்டுக்கு இருந்த அதே வேலை நமக்கும் உண்டு. திரும்பும்போது அந்த மேடு நமக்குச் சாதகம்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கும். போகும்போது மூஞ்சியில் அறையும், வரும்போது முதுகில் தள்ளிவிடும். மார்கழி, தையில் வடகிழக்கிலிருந்து வரும். களைத்துப்போய்த் திரும்பும் நேரத்தில் அது எதிர்க்காற்றாக இருக்கும், மெதுவானதுதான் என்றாலும் பத்து மணிக்கு மேல் தெரியும். அப்படியிருந்தும் பழக்கமில்லாத கூட்டத்துக்கு மார்கழி, தை, மாசிதான் சரி. பங்குனி பிறந்துவிட்டால் ஒன்பதரைக்குள் வீடு திரும்புகிற மாதிரிச் சின்னச் சுற்றாகப் போங்கள்.

தை மாதத்துக்கான நேரத்தைச் சொல்கிறேன். காளவாசலில் ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். சூரியன் வர ஆறரை ஆகும், அதனால் எல்லா சைக்கிளிலும் பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். மேலக்காலில் கால் மணி டீ. சோழவந்தானில் ஏழே முக்காலுக்கு டிபன், எட்டரைக்குக் கிளம்பல். குருவித்துறையில் ஒன்பதேகால், அங்கே முக்கால் மணி நேரம். பத்துக்குத் திரும்பினால் பத்தே முக்காலுக்குச் சோழவந்தானில் இளநீர், பன்னிரண்டேகால் வாக்கில் காளவாசல். மதியச் சாப்பாட்டை ஊருக்கு வந்தே வைத்துக்கொள்ளுங்கள். வழியில் பரோட்டா சால்னாவை ஒரு பிடி பிடித்துவிட்டு முப்பது கிலோமீட்டர் மிதிப்பது வயிற்றுக்குச் செய்யும் துரோகம்.

நிற்கும் நேரத்தைக் குறைக்க மூன்று காரியம் செய்யலாம். ஆளுக்கு 250 ரூபாய் முந்தின நாளே ஒரே ஆளிடம் கொடுத்துவிடுங்கள், வழியில் வேறு யாரும் பணம் எடுக்கக் கூடாது. டிபன் கடைக்கு முந்தின நாள் சாயங்காலமே போன் செய்து, "அண்ணே, நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு முன்ன பதினஞ்சு பேர் வர்றோம், ஆளுக்கு நாலு இட்லி, ஒரு வடை" என்று ஒரே மாதிரிச் சொல்லிவிடுங்கள். ஒருத்தருக்கு ரவா தோசை, ஒருத்தருக்கு ஊத்தப்பம் என்று போனால் கல் ஒன்றுதான், கடைசி ஆள் சாப்பிடும்போது முதல் ஆளுக்குத் தூக்கம் வந்துவிடும். மூன்றாவது, டீக்கடையில் முதலில் போய்ச் சேருபவர் மொத்தக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும்: "பதினொரு டீ, ரெண்டு சீனி இல்லாம, ரெண்டு பால்." கடைசி ஆள் வந்து ஸ்டாண்ட் போடும்போது கிளாஸ் தயாராக இருக்கும்.

இனி ஓட்டுகிற விஷயம். பதினைந்து பேரை ஒரே வரிசையாக விடாதீர்கள், பின்னால் வரும் பஸ் முந்த முடியாமல் ஹாரனிலேயே கொன்றுவிடும். எட்டு, ஏழு என்று இரண்டாகப் பிரித்து, நடுவில் ஒரு பஸ் நுழைந்து போகும் அளவு இடைவெளி விடுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் வழி தெரிந்தவர் முதலில், பஞ்சர் பார்க்கத் தெரிந்தவர் கடைசியில். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் தங்கிவிடக் கூடாது, அவரும் யாரையும் முந்தக் கூடாது. வேகத்தை முடிவு செய்வது முன்னால் போகிறவர் இல்லை, அந்த அட்லஸ்காரர்தான். அவரை இரண்டாவது இடத்தில் வையுங்கள். கடைசியில் விட்டால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் மற்றவர்கள் ஓய்வெடுத்துக் கிளம்பும் நேரத்துக்குத்தான் வந்து சேருவார், அவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது.

திருப்பங்களுக்கு ஒரு முறை இருக்கிறது. திருப்பம் வந்ததும் முன்னோடிக்கு அடுத்து வருபவர் அங்கேயே ஓரமாக நின்றுகொள்வார். கடைசி ஆளைக் கண்ணால் பார்க்கும்வரை நகர மாட்டார். பிறகு கடைசி ஆளுக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். அடுத்த திருப்பத்துக்கு அடுத்தவர். அட்லஸ்காரர் மட்டும் இந்தக் காவலில் சேர மாட்டார், அவருக்குப் பின்னால் வருபவர் நிற்கட்டும். வாட்ஸ்அப்பில் லொக்கேஷன் போட்டாலும் மிதிக்கிறவர் போனைப் பார்க்க மாட்டார், மூலையில் நிற்கும் ஆளைப் பார்ப்பார். குறிப்பாக மேலக்காலிலும் சோழவந்தானுக்குள்ளும் இது இல்லாமல் போகாதீர்கள்.

துவரிமான் நான்கு வழிச்சாலை தாண்டும்வரை ஒற்றை வரிசை. ஷேர் ஆட்டோக்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஓரம் கட்டும், அதனால் முன் சைக்கிளுக்கும் உங்களுக்கும் இரண்டு சைக்கிள் நீளம் இருக்கட்டும். சோழவந்தானுக்கு அப்பால் இருவர் இருவராகப் பேசிக்கொண்டு போகலாம், பின்னாலிருந்து "வண்டி!" என்று குரல் வந்ததும் ஒற்றையாகிவிட வேண்டும். பெயின்ட் அடிக்காத வேகத்தடைகளை முன்னோடி கத்திச் சொல்ல வேண்டும்.

அறுவடை நேரத்தில் இன்னொரு தொந்தரவு. நெல்லும் வைக்கோலும் ரோட்டிலேயே காயும். நெல்மணிமேல் பிரேக் போட்டால் சறுக்கும், அதனால் அந்த இடத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஹேண்டிலை நேராக வைத்துக் கடந்துவிடுங்கள். வைக்கோல்தான் மோசம். கியர் சைக்கிளில் பின் கியர் உருளைக்குள் சுற்றிக்கொண்டு, மிதிக்க மிதிக்க இறுகி, கடைசியில் கியரையே ஸ்போக்ஸ் கம்பிக்குள் இழுத்துவிடும். கறகற என்று சத்தம் கேட்டவுடன் மிதிப்பதை நிறுத்தி, இறங்கிக் கையால் உருவி எடுங்கள்.

பஞ்சர் நிச்சயம் ஒன்றாவது வரும். காரணம் சீமைக்கருவேல முள். கண்மாய்க் கரை, வாய்க்கால் கரை ஓரங்களில் வெட்டிப்போட்ட முள் கிடக்கும், அங்கே நிழல் நன்றாக இருக்கிறதே என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர்தான் மாட்டுவார். வழியில் உட்கார்ந்து ஒட்டாதீர்கள். டியூபை மாற்றுங்கள், பஞ்சரான டியூபை டிபன் கடையில் ஒட்டிக்கொள்ளலாம். மாற்ற பத்து நிமிஷம், ஒட்ட இருபத்தைந்து. இதற்காக முந்தின நாளே எல்லாருடைய டயர் அளவையும் எழுதி வாங்குங்கள்: 26, 27.5, 700, அட்லஸுக்கு 28. ஒவ்வொரு அளவிலும் ஒரு டியூப், அதிகம் இருக்கும் அளவில் இரண்டு. மெல்லிய பிரெஸ்டா வால்வு டியூப் பெரிய ஓட்டை ரிம்முக்குள் போய்விடும், பைக் வால்வு போன்ற தடித்த வால்வு சின்ன ஓட்டைக்குள் நுழையாது. ரோட்டோர பஞ்சர் கடை கம்ப்ரசரில் பிரெஸ்டாவுக்குக் காத்துப் பிடிக்கப் பித்தளை அடாப்டர் ஒன்று வேண்டும். அந்த கம்ப்ரசரிடம் ஜாக்கிரதை, பைக் டயருக்கான வேகத்தில் அடித்தால் சைக்கிள் டியூப் இரண்டு விநாடியில் வெடிக்கும். விட்டுவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

புது டியூப் போடுமுன் டயரின் உள்பக்கம் முழுக்க ஒரு பழைய துணியால் துடைத்துக்கொண்டே வாருங்கள். விரலால் தடவினால் முள் விரலில் ஏறும். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள். சில சமயம் முனை ஒடிந்து ரப்பருக்குள்ளேயே புதைந்திருக்கும், தடவினாலும் தெரியாது, ஆள் ஏறி உட்கார்ந்தால்தான் குத்தும். டியூபில் ஓட்டை எங்கே என்று பார்த்து, வால்விலிருந்து அதே தூரத்தில் டயரை வெளிப்பக்கம் மடக்கிப் பாருங்கள், கறுப்பாக ஒரு புள்ளி கிடைக்கும். அதை எடுக்காமல் மூடினால் அடுத்த டியூபும் போச்சு. டயரை ஏற்றியபின் வால்வை ஒருமுறை உள்ளே தள்ளிவிட்டுக் காத்து அடியுங்கள், அப்போதுதான் டியூப் டயர் விளிம்புக்கடியில் நசுங்காது.

ஒட்டுவதாக இருந்தால், பேட்ச் அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகப் பூசி, பளபளப்பு போகும்வரை காத்திருங்கள். ஈரத்தோடு ஒட்டுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு, பத்து கிலோமீட்டரில் பேட்ச் நழுவும்.

அட்லஸுக்குத் தனிக் கவனம் வேண்டும். காத்து இறங்கினால் உடனே பஞ்சர் என்று டயரைக் கழற்றாதீர்கள். வால்வில் எச்சில் வைத்துப் பாருங்கள், குமிழ் வந்தால் உள்ளே இருக்கும் வால்டியூப், அதாவது வால்வுக்குள் மாட்டும் சின்ன ரப்பர் குழாய், மக்கிப்போயிருக்கிறது. ஓட்டாமல் நிற்கும் சைக்கிளில் இது சகஜம், சில ரூபாய்ப் பொருள், நாலு வாங்கிப் பையில் போடுங்கள். பெடலை மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் 'டொக்' என்று ஒரு அடி கேட்டால் பெடல் மாட்டியிருக்கும் கிராங்க் கம்பியை அச்சோடு பிடித்து வைக்கும் காட்டர் பின் தளர்ந்திருக்கிறது. அப்படியே ஓட்டினால் பின் தேய்ந்து கிராங்க் ஆடத் தொடங்கும். கிளம்பும் முன்பே கடையில் இறுக்கிவிடுங்கள்.

எல்லா சைக்கிளையும் ஒரு வாரம் முன்பே பத்து கிலோமீட்டராவது ஓட்டிப் பார்க்க வேண்டும். சீட் உயரத்துக்கு எளிய அளவு: குதிகாலைப் பெடலில் வைத்தால், பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நிற்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் தரையில் முழுப் பாதம் ஊன்றும்படி சீட்டைத் தாழ்த்தி வைப்பார்கள், முப்பதாவது கிலோமீட்டரில் முட்டி பேசும். காத்து டயர் ஓரத்தில் எழுதியிருக்கும் அளவுக்குள் இருக்கட்டும். 700x35 டயருக்கு 50 முதல் 60 பிஎஸ்ஐ, தடித்த எம்டிபி (மவுண்டன் பைக்) டயருக்கு 35 முதல் 45. எம்டிபியில் காத்து குறைவாக ஓட்டுகிறவர்தான் 'எனக்கு ஸ்டாமினா இல்லை' என்று புலம்புவார்.

தண்ணீர் தை மாதத்தில் மணிக்கு அரை லிட்டர், மாசிக்கு மேல் முக்கால். ஓஆர்எஸ் வாங்கினால் பாக்கெட்டைப் படியுங்கள், பெரியது ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. கடலை மிட்டாயும் வாழைப்பழமும் போதும்.

கூட வர ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் இருந்தால் அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. முன்னால் தண்ணீர் கேன், பின்னால் பம்ப்பும் ஸ்பேனரும் டியூபும், முடியாதவர் ஒருவரை ஏற்றிக்கொள்ளவும் இடம். சைக்கிளே ஓடாத நிலை வந்தால் சோழவந்தானில் குட்டியானை பேசிக்கொள்ளலாம்.

சோழவந்தான் பக்கம் கொடிக்கால்களைப் பார்க்காமல் வராதீர்கள். அகத்தி மரங்களில் ஏறிய வெற்றிலைக் கொடி, உள்ளே போனால் பகலிலும் பச்சை இருட்டு. இந்த வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, செருப்பையும் ஷூவையும் வெளியே விட்டுத்தான் நுழைய வேண்டும். ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் போக வேண்டாம், பாத்தி மிதிபடும்.

குருவித்துறையில் சித்திர ரத வல்லபப் பெருமாள் கோயில் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. குரு ஸ்தலம் என்பதால் வியாழக்கிழமையும் குருப்பெயர்ச்சியும் கூட்டம், மற்ற நாளில் மர நிழலில் படுத்துக் கிடக்கலாம். அரை டவுசரில் வருகிறவர்கள் பையில் ஒரு வேட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் தண்ணீர் ஓடினால் காலை நனைப்பதோடு சரி. மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது.

சின்னப் பிள்ளைகளும் வருகிறார்கள் என்றால் இந்த வழியை விட்டுவிட்டுக் கீழக்குயில்குடி போங்கள். போக 12 கிலோமீட்டர் அளவுதான். தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில், மேலே சமணர் சிற்பங்கள். படியேறுவதற்கும் சேர்த்து நாலு மணி நேரம் போதும். அழகர்கோவில் ரோடு நன்றாக இருக்கும், ஞாயிற்றுக்கிழமை கார்கள் பறக்கும், கூட்டமாகப் போக வேண்டாம். அரிட்டாபட்டிக்கு ஆசைப்படுகிறவர்கள் மேலூர் நான்கு வழிச்சாலையில் ஏறாமல், உள்ளூர்க்காரர் ஒருவரை முன்னால் விட்டு ஊர் ரோடுகளிலேயே போங்கள்.