‘ஃபியாச்ரா’ என்பது ஆண் பெயரா, பெண் பெயரா? அயர்லாந்தில் எல்லோரும் வைக்கும் பெயரா இது?

புதிதாக வந்திருக்கும் ஐரிஷ் மேலாளரின் மின்னஞ்சலில் இந்தப் பெயரைப் பார்த்ததாகவும், அடுத்த வாரம் மீட்டிங்கில் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை என்றும் கேள்வியின் கீழே எழுதியிருக்கிறீர்கள். முதலில் அவசரத்துக்கு உதவுகிற விஷயம்: அது ஆண் பெயர். ‘ச்’ அதில் கிடையாது. அயர்லாந்தில் எல்லோருக்கும் தெரிந்த பெயர், ஆனால் கொஞ்சம் பேரே வைக்கும் பெயர்.

நீங்கள் செய்த தவறை நானும் செய்திருக்கிறேன், அதுவும் நேருக்கு நேர். டப்ளினில் நாங்கள் குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பார்சல் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. எஃப், ஐ, ஏ, சி, ஹெச், ஆர், ஏ என்று மேலே எழுதியிருந்தது. ‘ரா’ என்று முடிகிறதே, சித்ரா, சுமித்ரா மாதிரி பெண்குழந்தையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, “ஃபியாச்ராவுக்குப் பார்சல், அவள் இருக்கிறாளா?” என்று போய் நின்றேன். அந்த வீட்டு அம்மா சிரித்துவிட்டு, “அவன்” என்றார். பிறகு பெயரை மெதுவாக இரண்டு முறை சொல்லிக் காட்டினார்.

‘ஃபீ’ என்று நீட்ட வேண்டும். அடுத்து ஒரு சின்ன ‘ய’. அதன்பின் வரும் ‘சிஹெச்’தான் சிக்கல். அது ‘ச்’ அல்ல, முழு ‘க்’கும் அல்ல, அடித்தொண்டையில் காற்று உரசிக்கொண்டு வெளியேறும் ஒலி. ஆங்கிலம் மட்டும் பேசி வளர்ந்தவர்களுக்கு இது வராது, ‘ஃபீயக்ரா’ என்று நிறுத்திவிடுவார்கள். நமக்கு வரும். சின்ன வயதில் அஃகன்னா என்று படித்தோமே, அந்த ஆய்தத்தை ‘அஃது’, ‘எஃகு’ என்ற சொற்களில் ஒழுங்காகச் சொல்லிப் பாருங்கள். கிட்டத்தட்ட அதேதான். தமிழில் சரியாக எழுதினால் ‘ஃபீயஃரா’. முதல் ஆய்தம் பகரத்தை ஆங்கில ‘எஃப்’ ஆக்குவதற்காக நாம் புதிதாகக் கொடுத்த வேலையைச் செய்கிறது, இரண்டாவது தன் சொந்த வேலையைச் செய்கிறது. படிக்க வசதியாக இனி ஃபீயஹ்ரா என்றே எழுதுகிறேன். (தொலைபேசியில் இந்தப் பெயரைக் கேட்டவுடன் என் தம்பிக்கு ஒரு நீலநிற மாத்திரைதான் நினைவுக்கு வந்தது. உங்களுக்கும் வந்திருந்தால் குற்றமில்லை. மீட்டிங்கில் மட்டும் சிரித்துவிடாதீர்கள்.)

அன்றைக்கே இன்னொரு குழப்பமும் நடந்தது. அந்த அம்மா உள்ளே திரும்பி, “அ ஈயஹ்ரா!” என்று கூப்பிட்டார். இன்னொரு பிள்ளை வரப்போகிறது என்று நினைத்தேன். வந்தது அதே ஃபீயஹ்ராதான். ஐரிஷ் மொழியில் விளி வேற்றுமை இன்றும் உயிரோடு இருக்கிறது. நாம் முருகனை அழைக்கும்போது கடைசி எழுத்தை எடுத்துவிட்டு ‘முருகா’ என்கிறோம் அல்லவா? அவர்கள் முன்னால் ஒரு ‘அ’வைச் சேர்த்து, பெயரின் முதல் மெய்யை மென்மையாக்குவார்கள். ‘எஃப்’ ஒலி மென்மையானால் மிச்சமே இருக்காது, ஓசையின்றிப் போய்விடும். ‘ஷேமஸ்’ என்ற பெயரும் இப்படித்தான், கூப்பிடும்போது ‘அ ஹேமிஷ்’ ஆகிவிடும். ஸ்காட்லாந்துக்காரர்கள் இப்படிக் கூப்பிடுவதைக் கேட்ட ஆங்கிலம் பேசுவோர், அதையே தனிப்பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். ‘ஹேமிஷ்’ என்ற பெயர் பிறந்த கதை அது.

சரி, பொருளுக்கு வருவோம். ‘ஃபீயஹ்’ என்றால் ஐரிஷில் அண்டங்காக்கை. அதிலிருந்து வந்த பெயர் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். இதை ஊருக்குப் பேசும்போது அம்மாவிடம் சொன்னேன். “காக்காப் பேரையா பிள்ளைக்கு வைப்பாங்க?” என்றார். நம்மிடமும் காக்கைபாடினியார் என்று சங்கப் புலவர் இருந்தாரே என்றேன். “அது பாட்டால வந்த பேரு, பெத்தவங்க வச்சதில்ல” என்று வாயை அடைத்துவிட்டார். ஆனால் பழைய அயர்லாந்தில் காக்கைக்கு வேறு மதிப்பு. போர்த்தெய்வமான மோரிகன் காக்கை உருவில்தான் களத்துக்கு வருவாள். டப்ளின் தலைமை அஞ்சலகத்தில், சாகும் தறுவாயில் கல்லோடு தன்னைக் கட்டிக்கொண்டு நிற்கும் வீரன் கூ ஹுலினின் வெண்கலச் சிலை இருக்கிறது. அதன் தோளில் உட்கார்ந்திருப்பது அந்தப் பறவைதான்.

அரசர்களும் இந்தப் பெயரை வைத்திருந்தார்கள். ஒன்பது பணயக்கைதிகளின் நீல் என்று புகழ்பெற்ற அரசனின் சகோதரன் ஒரு ஃபீயஹ்ரா. அவன் வழிவந்தவர்கள் மேற்கே கானாக்ட் பகுதியில் ஆண்டார்கள். ஸ்லைகோ மாவட்டத்தில் ‘டிரெரா’ என்று ஒரு பகுதி இருக்கிறது. அதன் ஐரிஷ் பெயருக்கு ‘ஃபீயஹ்ராவின் நாடு’ என்று பொருள். அங்கேயும் ‘எஃப்’ மென்மையாகிக் காணாமல் போனதால், ஆங்கிலத்தில் எழுதியவர்கள் அந்த எழுத்தே இல்லாமல் எழுதிவைத்துவிட்டார்கள்.

ஆனால் ஐரிஷ் குழந்தைகளுக்கு இந்தப் பெயர் அரசனால் தெரியாது, அன்னத்தால் தெரியும். லிர் என்பவனுக்கு நான்கு பிள்ளைகள்: ஃபினூலா என்ற மகள், ஏ என்ற மகன், அப்புறம் இரட்டையர்களான ஃபீயஹ்ரா, கான். இரட்டையரைப் பெற்றபோதே தாய் இறந்துவிட, அவள் தங்கை ஈஃபா சிற்றன்னையாக வருகிறாள். பிள்ளைகள் மேல் தகப்பன் வைத்திருக்கும் பாசம் அவளுக்குப் பொறுக்கவில்லை. நால்வரையும் டெரவாரா ஏரிக்கு அழைத்துப் போய், அன்னங்களாக மாற்றிவிடுகிறாள். 900 ஆண்டு சாபம். 300 ஆண்டு அந்த ஏரியில், 300 ஆண்டு அயர்லாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவே உள்ள மோய்ல் கடலில், 300 ஆண்டு மேயோ கரையோரம் இனிஷ்க்ளோரா தீவுப் பக்கம். மனிதக் குரலை மட்டும் விட்டுவைத்தாள். ஏரியில் இருந்தவரை பரவாயில்லை, சொந்தபந்தம் கரைக்கு வந்து அவர்கள் பாடுவதைக் கேட்டது. மோய்ல் கடலில்தான் படாத பாடு. உறைபனியும் புயலுமாக அடிக்கும் இரவுகளில், அக்காள் இரண்டு தம்பிகளை இரண்டு சிறகுக்குள்ளும் ஒருவனை நெஞ்சுத் தூவிக்குள்ளும் வைத்துக் காக்கிறாள். கடைசியில் சாபம் தீர்ந்து மனித உரு திரும்பும்போது, 900 வயதுக் கிழங்களாகச் சுருங்கிப் போயிருக்கிறார்கள். சிறகுக்குள் வைத்திருந்த அதே வரிசையில் தம்பிகளைத் தன்னோடு புதைக்கும்படி ஃபினூலா கேட்டுக்கொள்கிறாள்.

டப்ளின் பார்னெல் சதுக்கத்தில் உள்ள நினைவுப் பூங்காவில் இதற்குச் சிலை இருக்கிறது. ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியின் ஐம்பதாம் ஆண்டில் திறந்த பூங்கா அது. ஓஷின் கெல்லி செய்த சிலையை 1971இல் வைத்தார்கள். கீழே பிள்ளைகள் சரிகிறார்கள், அவர்களுக்கு மேலே அன்னங்கள் எழுந்து பறக்கின்றன. பக்கத்து வீட்டுப் பையனை ஒருமுறை எங்களோடு அழைத்துப் போனோம். “இதில் நீ யார்?” என்று கேட்டேன். அவன் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “எனக்கு வசனமே இல்லாத வேஷம்” என்றான். பள்ளி நாடகத்தில் இந்தக் கதையைப் போட்டிருப்பார்கள் போல. சொன்னது உண்மைதான், கதை முழுக்க முழுக்க அக்காளுடையது.

அப்புறம் ஒரு ஃபீயஹ்ரா ஊரைவிட்டுப் போய்ப் பெயர் வாங்கினார். ஏழாம் நூற்றாண்டுத் துறவி. பிரான்சில் பாரிஸுக்குக் கிழக்கே மோ நகரத்துப் பேராயர் கொடுத்த நிலத்தில் குடில் போட்டுக் காய்கறியும் மூலிகையும் வளர்த்தார். ஒரு நாளில் எவ்வளவு நிலத்தைச் சுற்றிப் பள்ளம் தோண்டுவாயோ அவ்வளவும் உனக்கு என்றாராம் பேராயர். இவர் கைத்தடியை இழுத்துக்கொண்டு நடக்க, மண் தானாகப் புரண்டு வழிவிட்டதாம். தோட்டக்காரர்களுக்கு அவர்தான் காவல் புனிதர், மூல நோய்க்காரர்களுக்கும் அவரேதான். பிரெஞ்சில் அவர் பெயர் ‘ஃபியாக்ர்’ ஆனது. 17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் வாடகைக் குதிரைவண்டி விட ஆரம்பித்தபோது, வண்டிகள் நின்ற இடம் இந்தப் புனிதரின் பெயர் கொண்ட விடுதி. சனங்கள் வண்டியையே ‘ஃபியாக்ர்’ என்று சொல்லத் தொடங்கினார்கள். வியன்னாவில் சுற்றுலாப் பயணிகள் ஏறும் குதிரைவண்டிக்கு இன்றும் ‘ஃபியாக்கர்’ என்றுதான் பெயர். ஏறுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு ஐரிஷ் சாமியார் என்று தெரியுமோ.

இத்தனை இருந்தும் ஏன் அரிது? ஆங்கிலேயர் காலத்தில் ஐரிஷ் பெயர்களை அப்படியே பதிவேட்டில் எழுதும் வழக்கம் தேய்ந்துபோனது. டைக் என்பவரை டிமதி என்றும், டியர்மிட் என்பவரை ஜெரமாயா என்றும் எழுதினார்கள். 1893இல் ஐரிஷ் மொழியை மீட்பதற்கான கேலிக் லீக் என்ற சங்கம் தொடங்கியபின் மொழியோடு பெயர்களும் மெல்ல மீண்டன. ஐரிஷ்வழிப் பள்ளிகள் பெருகிய கடந்த சில பத்தாண்டுகளில் புராணப் பெயர்களுக்கு நல்ல காலம். ஓஷின், ஃபின், கிலியன், டைக் எல்லாம் இன்று வகுப்புக்கு ஒருவர் இருப்பார்கள். ஆண்குழந்தைப் பெயர்களின் பட்டியலில் முதலிடத்தில் 2007 முதல் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தது என்னவோ சாதாரண ‘ஜாக்’தான்.

ஃபீயஹ்ரா அந்த முன்வரிசைக்கு வரவில்லை. என் கணிப்பு இது: ஓஷின், கிலியன் எழுத்தில்தான் மிரட்டும், ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் யார் வாயிலும் வந்துவிடும். ஃபீயஹ்ரா காதில் விழுந்த பிறகும் ஆங்கில வாய்க்கு வராது. பிள்ளை நாளைக்கு லண்டனோ சிட்னியோ போவான் என்று எண்ணும் பெற்றோர் தயங்குகிறார்கள். அதனால் இந்தப் பெயரை வைக்கும் வீட்டில் ஐரிஷ் மொழிமேல் கொஞ்சம் கூடுதல் பற்று இருக்கும் என்று ஊகிக்கலாம். நான் பார்த்தவரை பெரும்பாலும் சரியாக இருக்கிறது. ஒரே வசதி, எழுத்தின் மேல் போடும் சாய்கோடு இதில் இல்லை. அந்தக் கோட்டை ஏற்காத கணினிகளோடு ஓஷின்கள் படும் பாடு ஃபீயஹ்ராக்களுக்கு இல்லை. எண்ணிக்கைதான் வேண்டும் என்றால் அயர்லாந்தின் மத்தியப் புள்ளிவிவர அலுவலகத் தளத்தில் 1964 முதல் ஆண்டுவாரியாகப் பெயரைத் தேடலாம்.

மீட்டிங்கில் ஆய்தத்தை மனதில் வைத்துக்கொண்டு ‘ஃபீயஹ்ரா’ என்றே சொல்லுங்கள். வராவிட்டால் ‘ஃபீயக்ரா’ என்றாலும் அவர் பழகியிருப்பார். முதல் எழுத்தை விழுங்கிக் கூப்பிடுவதெல்லாம் ஐரிஷ் மொழியில் பேசும்போதுதான், ஆங்கிலப் பேச்சில் வேண்டாம்.

என் மகனுக்கு இதையெல்லாம் நான் சொல்லவில்லை. பெயரை அவன் கற்றுக்கொண்டது பக்கத்து வீட்டு அம்மா வாசலில் நின்று கத்துவதைக் கேட்டு. போன மாதம் அந்தப் பையனின் பிறந்தநாளுக்குத் தானே தமிழில் எழுதுவேன் என்று அடம்பிடித்து ஒரு வாழ்த்து அட்டை எழுதினான். பெரிய ‘ஈ’ போட்டுத் தொடங்கி, ‘ஈயரா’ என்று முடித்திருந்தான். நான் திருத்தாமல் கொடுத்துவிட்டேன்.