இன்டர்வியூவில் பதில் பாதியில் நின்றுவிடுகிறது, என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 26 வயது. கரூர்ப் பக்கம் ஒரு கிராமம். பி.காம் முடித்துவிட்டு 2021இல் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்தேன். ஒன்றரை வருடம் பில் பதிவு, ஜிஎஸ்டி, பேங்க் கணக்கு எல்லாம் பார்த்தேன். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் 2023 தொடக்கத்தில் வேலையை விட்டேன். இப்போது அம்மா நன்றாக இருக்கிறார். அக்கவுண்ட்ஸ் உதவியாளர் வேலைக்கு மூன்று இன்டர்வியூ போய்விட்டேன். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றதும், யூடியூப் பார்த்து மனப்பாடம் செய்த ஆங்கிலப் பதில் பாதியில் மறந்துவிடுகிறது. இடைவெளி ஏன், சம்பளம் எவ்வளவு, கல்யாணம் எப்போது என்று கேட்டாலும் திணறுகிறேன். எப்படித் தயாராவது?

பதில்: சகோதரி, நீங்கள் எழுதிய கேள்வியின் முதல் சில வரிகளைத் திரும்பப் படித்துப் பாருங்கள். என்ன படித்தீர்கள், எங்கே வேலை பார்த்தீர்கள், என்னென்ன செய்தீர்கள், ஏன் விட்டீர்கள், இப்போது என்ன வேண்டும் என்று எல்லாம் வரிசையாக இருக்கிறது. எங்கும் தடுமாற்றம் இல்லை. 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பதற்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. இது உங்கள் வாழ்க்கை, உங்கள் வார்த்தை. அதனால் மறக்காது.

கோவை, திருப்பூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் எடுக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். 'நான் கடின உழைப்பாளி, குழுவாக வேலை செய்வேன்' என்று ஆங்கிலத்தில் ஒப்பிக்கும் பதிலை ஒரே நாளில் பத்துப் பேரிடம் கேட்டிருக்கிறேன். அதில் எங்களுக்கு ஒன்றுமே கிடைப்பதில்லை. முப்பது வவுச்சரைக் கையில் கொடுத்தால் இவர் என்ன செய்வார் என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டும்.

எனவே, ஒரு நோட்டை எடுத்து ஆடிட்டர் ஆபீஸில் நடந்த ஐந்தாறு சம்பவங்களை எழுதுங்கள். பதிலாக எழுத வேண்டாம், நடந்ததை அப்படியே எழுதுங்கள். எத்தனை கம்பெனிகளின் கணக்கு உங்களிடம் இருந்தது? மாதம் 11ஆம் தேதி விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி வரி கட்டும் 3பி என்று தாக்கல் நாள் வரும்போது பில்லே அனுப்பாத கிளையண்டை எப்படிச் சமாளித்தீர்கள்? எந்தக் கணக்கு டாலி ஆகாமல் இரவு வரை உட்கார வைத்தது? எண்கள் நினைவிருந்தால் எண்ணோடு எழுதுங்கள். கேள்வி எந்தப் பக்கம் திரும்பினாலும் பெரும்பாலும் இந்த ஐந்தாறுக்குள் பதில் இருக்கும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். தாராபுரத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தார், பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ் வழி. 'நீங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லுங்கள்' என்று கேட்டோம். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில், அளவுக்கு மீறி உழைப்பதுதான் தன் தவறு என்பார்கள். இவர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஒரு மாசம் பேங்க் ஸ்டேட்மெண்டுக்கும் எங்க புக்குக்கும் 9,000 ரூபாய் வித்தியாசம் வந்தது சார். வித்தியாசம் ஒன்பதால வகுபடுதேன்னு பார்த்தேன். அப்படி வந்தா நம்பர் இடம் மாறியிருக்கும்னு சீனியர் அக்கா சொல்லியிருந்தாங்க. தேடிப் பார்த்தா, 54,000 வரவை நான்தான் 45,000னு போட்டிருந்தேன். அதுக்கப்புறம் பதிவு போட்டதும் தொகையை ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சிட்டுத்தான் சேவ் பண்றேன்." ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. தவறை மறைக்காமல் சொன்னார், கண்டுபிடித்த வழியையும் சொன்னார், மறுபடி நடக்காமல் இருக்க என்ன செய்கிறார் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அன்றே அவரை எடுத்துக்கொண்டோம். உங்களிடமும் இப்படி ஒரு 9,000 ரூபாய் கதை கட்டாயம் இருக்கும். அதைத் தேடி எடுங்கள். பலவீனம் என்ன என்ற கேள்விக்கும் இதே முறையில் உண்மையான ஒன்றைச் சொல்லலாம்.

அடுத்தது இடைவெளி. இதில் நீங்கள் குன்றிப்போக ஒரு காரணமும் இல்லை. பெற்ற தாயைப் பார்த்துக்கொண்டீர்கள். ஆனால் சிகிச்சைக் கதை முழுவதையும் அங்கே சொல்ல வேண்டியதில்லை, சொன்னால் குரல் உடையும். "அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லாததால் 2023இல் வேலையை விட்டேன். இப்போது அவர் நன்றாக இருக்கிறார், முழுநேரம் வேலைக்கு வர முடியும்" என்று சொன்னால் போதும். இரண்டாவது வாக்கியம்தான் எங்களுக்கு முக்கியம்.

அதற்குப் பிறகு எங்கள் மனதில் ஓடும் சந்தேகம், இவ்வளவு நாளில் வேலை மறந்திருக்குமோ என்பது. அவர்கள் கேட்கும் முன்பே நீங்கள் பதில் வைத்திருங்கள். நீங்கள் விலகிய பிறகு நிறைய மாறியிருக்கிறது. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு, பில்லை அரசு போர்ட்டலில் பதிவு செய்யும் இ-இன்வாய்ஸ் கட்டாயமானது. 2024 அக்டோபரில் சப்ளையர் பில்களை ஏற்கவோ நிராகரிக்கவோ போர்ட்டலிலேயே ஐஎம்எஸ் என்ற வசதி வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் வரி விகிதங்களே மாறின. 12, 28 சதவீத அடுக்குகளில் இருந்த பெரும்பாலான பொருள்கள் 5, 18க்கு நகர்ந்தன. இந்த மூன்றையும் ஒரு வாரம் உட்கார்ந்து புரிந்துகொள்ளுங்கள். "வீட்டில் இருந்தபோது மாறியதை இப்போது படித்து வைத்திருக்கிறேன்" என்று சொல்லி ஒன்றை விளக்கினால், இடைவெளியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

தொழில் கேள்விகளில் ஒன்றை மட்டும் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் நானே அடிக்கடி கேட்பது இது: "ஒரு கொள்முதல் பில் நம் கையில் இருக்கிறது, சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் மாதப் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பியில் வரவில்லை. என்ன செய்வீர்கள்?" 'சப்ளையருக்கு போன் செய்வேன்' என்பது பாதிப் பதில்தான். முதலில் பில்லில் நம் ஜிஎஸ்டி எண் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு சப்ளையர் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்தாரா, தாமதமாகச் செய்ததால் அடுத்த மாதத்துக்குப் போய்விட்டதா, வேறு யாருடைய எண்ணிலாவது ஏற்றிவிட்டாரா என்று விசாரிக்க வேண்டும். 2022 ஜனவரி முதல், 2பியில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரியை, அதாவது கொள்முதலில் கொடுத்த வரியை, எடுத்துக் கழித்துக்கொள்ள முடியாது. எனவே அந்தத் தொகையை இந்த மாதம் எடுக்காமல் நிலுவையில் குறித்து வைப்பேன் என்று முடியுங்கள். இந்த வரிசையில் சொல்பவர் நிஜமாகவே வேலை பார்த்தவர் என்று எங்களுக்குப் புரிந்துவிடும்.

சம்பளத்துக்கு வருவோம். 'நீங்கள் பார்த்துக் கொடுங்கள் சார்' என்று மட்டும் சொல்லாதீர்கள். போகும் முன்பே அந்த ஊரில் அதே வேலைக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று நாலு பேரிடம் விசாரித்து ஒரு தொகையைச் சொல்லுங்கள். அவர்கள் ஒரு தொகை சொன்னால், அது மொத்தச் சம்பளமா, கம்பெனி கட்டும் பங்கையும் சேர்த்த சிடிசியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மொத்தம் 18,000, அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் 12,000 என்று வைத்துக்கொள்வோம். பிஎஃப் 12 சதவீதம், அதாவது 1,440. இஎஸ்ஐ 0.75 சதவீதம், 135. தொழில் வரியைக் கணக்கில் சேர்க்காமல் கைக்கு வருவது 16,425. இதே வேலையைக் கம்பெனி பங்கோடு சேர்த்து 20,000 என்று சொல்லும் இடங்களும் உண்டு. வீட்டு வாடகை, பஸ் செலவு எல்லாம் கையில் வரும் தொகையிலிருந்துதான் போகும், அதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கல்யாணம் எப்போது என்ற கேள்வியைக் கேட்கவே கூடாது. என்னோடு உட்காரும் சக அதிகாரிகளிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனாலும் கேட்கிறார்கள், நீங்கள் அதற்கும் தயாராகத்தான் போக வேண்டியிருக்கிறது. ஆறு மாதத்தில் விட்டுப் போய்விடுவாரோ என்ற பயம்தான் அதன் பின்னால் இருக்கிறது. அதற்கு மட்டும் பதில் கொடுங்கள்: "அது வீட்டு விஷயம் சார். வேலையைப் பொறுத்தவரை இங்கே நிலையாக இருக்கத்தான் வந்திருக்கிறேன்." சிரித்த முகமாக, அமைதியாகச் சொல்லுங்கள். கல்யாணம் செய்துகொள்ள மாட்டேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம். அதன் பிறகும் துருவினால், அங்கே வேலைக்குச் சேர வேண்டுமா என்று நீங்களும் யோசிக்கலாம்.

ஆங்கிலம் குறித்தும் பயம் தெரிகிறது. பெயர், படிப்பு, அனுபவம் மூன்றையும் நீங்களே அமைத்த சின்ன ஆங்கில வாக்கியங்களில் சொல்லுங்கள். விளக்கமாகப் பேச வேண்டிய இடம் வந்தால் "இதைத் தமிழில் சொல்லலாமா சார்?" என்று கேளுங்கள். நம் பக்கத்துக் கம்பெனிகளில் அக்கவுண்ட்ஸ் வேலைக்கு இதைக் குறையாக நினைப்பவர்கள் குறைவு.

'எங்கள் கம்பெனியைப் பற்றி என்ன தெரியும்?' என்பதற்கு, அவர்களுடைய ஜிஎஸ்டி எண்ணை போர்ட்டலில் போட்டுப் பாருங்கள். பதிவு செய்த தேதி, தொழிலின் தன்மை எல்லாம் பொதுவிலேயே தெரியும். கடைசியில் 'ஏதாவது கேட்க வேண்டுமா?' என்பார்கள். கரூரில் வீட்டுத் துணி ஏற்றுமதி செய்யும் நிறுவனம் என்றால், "எல்யூடி என்ற உறுதிக் கடிதம் கொடுத்து வரி கட்டாமல் அனுப்புகிறீர்களா, ஐஜிஎஸ்டி வரியைக் கட்டி ரீஃபண்ட் வாங்குகிறீர்களா?" என்று கேளுங்கள். வேலையில் சேர்ந்த முதல் வாரமே உங்களுக்குத் தேவைப்படும் விவரம் அது, கேட்பவருக்கும் அது தெரியும்.

சரி, பயிற்சி எப்படி? மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது போதாது, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சாயங்காலம் அம்மாவை எதிரில் உட்கார வைத்து, நோட்டில் எழுதிய சம்பவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். அம்மாவுக்குக் கணக்குப் பதிவு தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. எங்கே அவருக்குப் புரியவில்லையோ அங்கே உங்கள் விளக்கத்தில் ஓட்டை இருக்கிறது என்று தெரிந்துவிடும். போனில் பதிவு செய்து ஒருமுறை கேளுங்கள். ஒரே பதில் இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் வெட்டுங்கள்.

இன்னொன்று, பழைய ஆடிட்டர் ஆபீஸில் அனுபவச் சான்றிதழ் வாங்கினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வாங்கவில்லை என்றால் இந்த வாரமே நேரில் போய் ஆடிட்டரைப் பார்த்து, சேர்ந்த தேதி, விலகிய தேதி, பார்த்த வேலை மூன்றும் இருக்கும்படி லெட்டர்ஹெட்டில் வாங்கிவிடுங்கள். அடுத்த இன்டர்வியூவுக்குப் போகும்போது அது ஃபைலில் மேலாக இருக்கட்டும்.