மேரி பார்பரின் கவிதைக் கடிதங்கள்: கேள்வி பதில்

மேரி பார்பர் (சுமார் 1685–1755) டப்ளினில் கம்பளித் துணி வியாபாரம் செய்தவரின் மனைவி. 1734 என்று ஆண்டு போட்டு லண்டனில் வெளியான அவருடைய தொகுப்பில் கடிதமாக எழுதிய கவிதைகள் நிறைய உண்டு.

எதை முதலில் படிக்கலாம்?

'மதகுரு திரு. சி— அவர்களுக்கு எழுதிய கடிதத்தின் முடிவு'. பெயருக்குப் பதில் கோடு இருப்பது அச்சுப்பிழை அல்ல. ஆளை மறைக்க அன்று அப்படித்தான் அச்சிட்டார்கள்.

படித்தேன். 'புட்டிங் செய்யவும் சட்டை வெட்டவும் தெரிந்த மனைவி போதும்' என்கிறாரே! பெண்கள் படிப்பதை அவரே எதிர்த்தாரா?

இல்லவே இல்லை. இந்தக் கவிதையில் பலரும் சறுக்கும் இடம் இது. யார் பேசுகிறார்கள் என்று வரிக்கு வரி பாருங்கள். பள்ளி விட்டு வந்த மகன் கான், கடிதத்தைப் பார்த்துவிட்டு "இதைப் பாட்டாகவே அனுப்பலாமே" என்கிறான். "உனக்கென்ன பைத்தியமா? பெண் படிப்பதே குற்றம் என்பவர் அவர்" என்கிறாள் தாய். அடுத்து, பாட்டில் கடிதம் வந்தால் மதகுரு எப்படிப் புலம்புவார் என்று அவர் குரலிலேயே பேசிக் காட்டுகிறாள். "பாவம் பார்பர்" என்று, மேரியின் கணவருக்காக இரங்கி, அந்தக் குரல் தொடங்குகிறது. இருட்டறையில் வைக்கோல் படுக்கை போட்டு இவளை அடைக்க வேண்டும் என்பதும், புட்டிங்கும் சட்டையும் எல்லாம் அந்தக் குரல்தான். "இதுவரை எழுதிவிட்டு மகன் பக்கம் திரும்பினேன்" என்ற வரியில் அது முடிகிறது. அதன் பின்னர்தான் தாயின் சொந்தப் புத்திமதி: "புத்தகத்தோடு என்னத்தைக் கண்டாய்?" என்று சீறுகிறவளை விலக்கு, அறிவும் வாசிப்பில் நாட்டமும் உள்ளவளைத் தேடு. திரட்டுகளில் நடுப்பகுதியை மட்டும் தனியே எடுத்துப் போட்டால் கவிதையின் பொருளே தலைகீழாகிவிடும்.

ஓசை பிடிபடவில்லை.

அடிக்கு நான்கு அழுத்தம். முதலடி: 'டிஸ் டைம் டு கன்க்ளூட், ஃபர் ஐ மேக் இட் அ ரூல்' (முடிக்கும் நேரம் வந்தது, இது என் வழக்கம்). அழுத்தங்களுக்கு நடுவே அழுத்தமில்லாத இரண்டு மெல்லசைகள் ஓடுகின்றன. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திப் படித்தால் நடை நொண்டும். எல்லாக் கடிதங்களும் இந்த நடையில் இல்லை. விதவை கார்டனுக்காக, அன்றைய அயர்லாந்து ஆளுநரின் மனைவி லேடி கார்ட்டரெட்டுக்கு எழுதிய விண்ணப்பத்தில் அடிக்கு ஐந்து அழுத்தம், நடையும் நிதானமாகிறது.

அந்த விண்ணப்பம், நம் புலவர்கள் உதவி கேட்டுப் பாட்டாக எழுதி அனுப்பிய சீட்டுக்கவி மாதிரியா?

வடிவில் நெருக்கம்தான்: இன்னாருக்கு, இன்ன வேண்டுகோள். ஆனால் சீட்டுக்கவியில் புலவர் தன் பெருமையைச் சொல்லித் தனக்கே கேட்பார். பார்பர் இதில் தன் பெயரை மறைத்துக்கொண்டு, ஓர் அதிகாரியின் விதவையாகப் பேசி, அவளுக்காகக் கேட்கிறார்.

'கலிவரின் பயணங்கள்' எழுதிய ஸ்விஃப்ட் இவருக்கு உதவினாரா?

உதவினார். ஆரரி பிரபுவுக்கு அவர் எழுதிய பரிந்துரைக் கடிதம் நூலின் முகப்பிலேயே இருக்கிறது. முன்பணச் சந்தாதாரர்கள் 900க்கும் மேல்.

தமிழில் பெயர்க்கும்போது எதுகை வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் இடம் மாறும்: தமிழ் எதுகை அடியின் தொடக்கத்தில் வரும். மூலத்தில் 'பெட்டர்–லெட்டர்', 'விட்ஸ்–ஃபிட்ஸ்' என்று ஈரடிக்கு ஒருமுறை அடியின் கடைசியில் ஒலி மோதுகிறது. மகன் சொன்னது ஒரு ஜோடியில், தாயின் மறுப்பு அடுத்த ஜோடியில். அந்த வெட்டு முக்கியம். நான்கடிக்கு ஒரே எதுகையை இழுத்தால் இரண்டு குரலும் ஒட்டிக்கொள்ளும். ஈரடிக்கு ஓர் எதுகை, சிந்துப் பாட்டு போல ஓடும் நடை, பேச்சுச் சொற்கள்: இதுதான் என் பரிந்துரை. மதகுருவின் புலம்பலுக்கு மேற்கோள் குறி போட மறக்காதீர்கள்.